குழந்தை தோலில் முத்து முத்தா பாலுண்ணி... கிள்ளாதீங்க, சுண்ணாம்பு வைக்காதீங்க! வேற என்ன பண்ணலாம்?

குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டும்போது அக்குள் பக்கத்தில் சின்னதாக ஒரு முத்து தெரிகிறது. கொசுக்கடி என்று விட்டுவிடுகிறீர்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மூன்று. அடுத்த வாரம் ஏழு. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, பிள்ளை பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருக்கிறான். தூக்கம் போனது நமக்குத்தான்.

போன கோடையில் கேளம்பாக்கத்தில் இருக்கும் என் அக்கா வீட்டில் இதுதான் நடந்தது. பையன் அப்போது யு.கே.ஜி முடித்திருந்தான். ஓ.எம்.ஆரில் வரிசையாக நிற்கும் பெரிய அபார்ட்மென்ட்களில் ஒன்று அது. மே மாதம் முழுக்க அங்கே இருக்கும் பிள்ளைகள் எல்லாம் நீச்சல் குளத்திலேயேதான் கிடப்பார்கள். இவனும் கிடந்தான். ஜூன் தொடக்கத்தில் அக்கா எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள்: “இது என்னடி? மருவா, பருவா, அம்மையா?”

அந்த ஒரு கேள்விக்கு வீட்டுக்குள்ளேயே நாலு பதில் வந்தது. “முத்து போட்டிருக்கு, அம்மா வந்திருக்கா” என்றார் அக்காவின் மாமியார். உடனே வேப்பிலை வந்தது. “சூடுதான், இளநீர் கொடு” என்றார் அத்தான். எதிர் வீட்டுக்காரர் சுண்ணாம்பு வைக்கச் சொன்னார். நான் கூகுளில் தேடினேன், பயந்துபோய் மூடினேன். கடைசியில் ஸ்கின் டாக்டரிடம் போனபோது அரை நிமிடத்தில் பெயர் தெரிந்தது: மொலஸ்கம் கன்டேஜியோசம்.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நம் ஊரில் பாலுண்ணி என்று சொல்கிறோமே, அந்தப் பட்டியலில் வருகிற ஒன்றுதான் இது. ‘பட்டியல்’ என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பாலுண்ணி என்ற ஒரே சொல்லை நாம் மூன்று நாலு விஷயங்களுக்குச் சொல்கிறோம். கழுத்தில் காம்புடன் தொங்குகிற சதையும் பாலுண்ணிதான், விரலில் சொரசொரப்பாக வருகிற மருவும் சில வீடுகளில் பாலுண்ணிதான், குழந்தைக்கு வழவழப்பாக வருகிற இந்த முத்தும் பாலுண்ணிதான். வைத்தியம் தப்பாகப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒன்றுக்குச் சொன்ன மருந்தை இன்னொன்றுக்குத் தடவுகிறோம்.

எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?

மொலஸ்கம் முத்து பொதுவாக 2 முதல் 5 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும். குண்டூசித் தலையில் ஆரம்பித்து மிளகு சைஸ் வரை வளரும். தோல் நிறத்தில் அல்லது லேசான வெள்ளை, ரோஸ் நிறத்தில் பளபளப்பாக இருக்கும். மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், பல முத்துகளில் நடுவில் தொப்புள் போல ஒரு குழி தெரியும். அதுதான் இதன் கையெழுத்து. உள்ளே இருப்பது வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். ‘பால்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

உடம்பு, அக்குள், முழங்கை மடிப்பு, முழங்கால் பின்பக்கம், தொடை, முகம் என்று எங்கு வேண்டுமானாலும் வரும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வருவது அபூர்வம். அங்கே சொரசொரப்பாக, தடிப்பாக இருந்தால் அது பெரும்பாலும் மரு. மரு வேறு வைரஸ், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அம்மை இல்லை என்று எப்படித் தெரியும்? சின்னம்மை என்றால் காய்ச்சலும் அரிப்பும் இருக்கும். நீர் கோத்த கொப்புளம் நாளுக்கு நாள் மாறும், உடையும், ஒரு வாரம் பத்து நாளில் பொருக்குத் தட்டிவிடும். மொலஸ்கம் அப்படி அவசரப்படாது. இன்று எடுத்த போட்டோவும் மூன்று வாரம் கழித்து எடுத்த போட்டோவும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அக்காவின் மாமியார் சொன்ன ‘அம்மை’ முழுத் தப்பு இல்லை. இன்றைக்கு நாம் பார்க்கும் சின்னம்மை, பெரியம்மைக்குச் சொந்தமே கிடையாது. அது ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ். பெரியம்மைக்கு நிஜமான சொந்தக்காரர் இந்த மொலஸ்கம்தான். இரண்டும் பாக்ஸ் வைரஸ் குடும்பம். இந்தியாவில் கடைசியாகப் பெரியம்மை வந்தது 1975-ல். 1980-ல் உலகத்திலேயே ஒழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். கொன்று குவித்த அண்ணன் போய்விட்டான், தோலில் முத்து வைத்துவிட்டுப் போகிற இந்தச் சாதுவான தம்பி மட்டும் மனிதர்களிடம் தங்கிவிட்டான். இது ரத்தத்தில் கலப்பதில்லை, உள்ளுறுப்புகளுக்குப் போவதில்லை. தோலின் மேலடுக்கிலேயே இருந்துவிட்டுக் கிளம்பிவிடும். சின்னம்மை வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து பல வருடம் கழித்து அக்கியாக வருமே, அந்த வேலையும் இதற்குக் கிடையாது. முத்து போனால் வைரஸும் போச்சு.

எப்போ போகும்?

இதுதான் எல்லா அம்மா அப்பாவும் கேட்கிற கேள்வி. பதில் பிடிக்காது, ஆனாலும் தெரிந்துகொள்ளுங்கள். தானாகவே போய்விடும். ஆனால், மாதக்கணக்கில் ஆகும்.

பிரிட்டனில் 4 முதல் 15 வயது வரையிலான குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2015-ல் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வெளியிட்டார்கள். முத்துகள் முழுதாக மறைய சராசரியாக 13 மாதம் ஆனது. ஒன்றரை வருடம் கழித்தும் 30 சதவிகிதக் குழந்தைகளுக்கு இருந்தது. இரண்டு வருடம் தாண்டியும் 13 சதவிகிதம் பேருக்கு இருந்தது. அதே ஆய்வில், வீட்டில் இருக்கும் இன்னொரு குழந்தைக்கு ஒட்டியது சுமார் 40 சதவிகித வீடுகளில். அதாவது, ஒட்டும்தான். ஆனால் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் ஒட்டவில்லை.

அதனால் “ரெண்டு வாரமா க்ரீம் போடுறோம், போகவே இல்ல” என்று யாராவது சொன்னால் அதில் ஆச்சர்யம் எதுவும் இல்லை. “எங்க பையனுக்கு இந்த எண்ணெய் தடவினோம், ஆறே மாசத்துல போயிடுச்சு” என்று சொன்னாலும் ஆச்சர்யம் இல்லை. தானாகப் போகிற ஒரு விஷயத்தில், கடைசியாக எதைத் தடவினோமோ அதற்குத்தான் பெயர் கிடைக்கும்.

வைத்தீஸ்வரன் கோயிலில் கொடிமரத்தருகே உப்பும் மிளகும் போடுவதும், குளத்தில் வெல்லம் கரைப்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தோல் வியாதி, மரு, கட்டி எல்லாம் கரைந்து போக வேண்டும் என்ற வேண்டுதல். அக்கா வீட்டு பால்கனியில் நின்றால் தூரத்தில் உப்பளம் தெரியும், மாமியார் அங்கிருந்தே ஒரு பொட்டலம் உப்பை வேண்டிக்கொண்டு முடிந்து வைத்துவிட்டார். எனக்கு இதில் எந்தப் புகாரும் இல்லை. சொல்லப்போனால், நாங்கள் செய்தவற்றிலேயே குழந்தைக்கு எந்தக் கெடுதலும் செய்யாத வைத்தியம் அதுதான். வேண்டுதல் ஒரு வருடம் காத்திருக்கச் சொல்கிறது. அந்த ஒரு வருடத்தில் உடம்பு தன் வேலையை முடித்துக்கொள்கிறது.

சுண்ணாம்பு வைத்தால் என்ன ஆகும்?

இங்கேதான் நான் கொஞ்சம் கோபப்படுவேன், மன்னிச்சிடுங்க.

அக்கா டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே, பக்கத்தில் ஒரு கடையில் கேட்டு, ஒரே ஒரு முத்தின் மேல் சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைத்துவிட்டார்கள். முழங்கை மடிப்பில் இருந்த முத்து அது. பையன் கத்தியதில் உடனே கழுவிவிட்டார்கள். அதற்குள் தோல் வெந்துவிட்டது.

ஏன் என்று தெரிந்துகொள்ளுங்கள். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு. துணி துவைக்கும் சோடா சோடியம் கார்பனேட். ஈரத்தில் இரண்டையும் குழைத்தால் உருவாவது காஸ்டிக் சோடா. பாத்ரூம் அடைப்பு எடுக்கப் போடுகிறோமே, அதே பொருள். காரம் படும் தீக்காயம் அமிலக் காயத்தை விட மோசமாக இருக்கக் காரணம், அது தோலின் கொழுப்பையும் புரதத்தையும் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். மேலே பார்க்க சின்னதாக இருக்கும், ஆழம் தெரியாது. முத்து இருப்பதோ தோலின் மேலடுக்கில். நாம் எரிப்பதோ அதற்குக் கீழே இருக்கும் தோலை.

பையனுக்கு மொத்தம் பதினோரு முத்துகள் வந்தன. பத்து முத்துகள் இருந்த இடம் இன்று எங்களுக்கே தெரியாது. சுண்ணாம்பு வைத்த இடத்தில் மட்டும் ஒரு சுண்டைக்காய் அளவு தழும்பு இருக்கிறது.

ஏற்கெனவே யாராவது வைத்துவிட்டார்களா? காய்ந்த சுண்ணாம்பு இருந்தால் முதலில் துணியால் தட்டிவிடுங்கள். பிறகு ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். எலுமிச்சை பிழிந்து ‘சரிக்கட்ட’ வேண்டாம், அதில் வெப்பம் உண்டாகி இன்னும் கெடும். மஞ்சள், டூத்பேஸ்ட், காபித்தூள் எதுவும் வேண்டாம். கழுவி முடித்ததும் நேராக ஆஸ்பத்திரி. கண்ணில் பட்டிருந்தால் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் தண்ணீர் விட ஆரம்பியுங்கள்.

அம்மான் பச்சரிசிப் பால், எருக்கம் பால் தடவுவதும் நம் பக்கத்தில் சகஜம். இரண்டுமே தோலை எரிக்கும் பால். பெரியவர்களின் கை மருவில் ஒரு சொட்டு வைப்பது வேறு, தூக்கத்தில் அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்குகிற நாலு வயதுக் குழந்தைக்கு வைப்பது வேறு. எருக்கம் பால் கண்ணில் பட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். பூண்டை நசுக்கிக் கட்டுவதும் அப்படித்தான், இரவு கட்டினால் காலையில் கொப்புளம் நிற்கும். பிளேடு, ஊசி, குதிரை முடி பற்றிச் சொல்லவே வேண்டாம். ஊசியால் குத்தி அந்த வெள்ளையை எடுத்தால், அந்த வெள்ளை முழுக்க வைரஸ். ஒரு முத்தை எடுக்கப் போய் சுற்றிலும் அஞ்சு முத்து நட்டுவிட்டு வருவோம்.

இன்னொன்று, மெடிக்கல் ஷாப்பில் “அரிப்புக்கு ஒரு க்ரீம் குடுங்க” என்று வாங்குவது. ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த ட்யூப் ஒன்று கையில் வரும். தோலில் பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. ஆனாலும் கிடைக்கும். முத்தின் மேல் அதைப் போட்டால் அந்த இடத்தின் எதிர்ப்பு சக்தி அடங்கும், வைரஸுக்குக் கொண்டாட்டம்.

சரி, வீட்டில் என்னதான் பண்றது?

செய்வதற்கு நிறைய இருக்கிறது, எல்லாம் சின்னச் சின்ன வேலைகள். நோக்கம் ரெண்டே ரெண்டு. பிள்ளை சொறியக் கூடாது, அடுத்தவருக்கு ஒட்டக் கூடாது.

முதலில் நகம். ஒட்ட வெட்டி வையுங்கள். முத்து பரவுவது பெரும்பாலும் பிள்ளையின் சொந்த விரலால்தான். சொறிந்த கோட்டிலேயே வரிசையாக முத்து வருவதைப் பார்க்கலாம்.

அடுத்தது தோல் வறட்சி. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். முத்தைச் சுற்றித் தோல் வறண்டு, சிவந்து, அரிக்க ஆரம்பிக்கும். அரித்தால் சொறிவான், சொறிந்தால் பரவும். குளித்து மூன்று நிமிடத்துக்குள், தோலில் ஈரம் இருக்கும்போதே வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் அல்லது சாதாரண வாசலைன் தடவுங்கள். முத்து இல்லாத இடத்தில் ஆரம்பித்து, முத்து இருக்கும் இடத்தில் முடியுங்கள், மறுபடி அதே கையை மற்ற இடத்துக்குக் கொண்டுபோகாமல் கழுவிவிடுங்கள். கேளம்பாக்கம், கோவளம் பக்கம் எல்லாம் கடற்காற்று, எப்போதும் பிசுபிசுப்பு. “இந்த ஊர்ல மாய்ஸ்சரைசர் எதுக்கு” என்று தோன்றும். ஆனால் பிள்ளைகள் ராத்திரி முழுக்க ஏ.சி-யில் தூங்குகிறார்கள், போர்வெல் உப்புத் தண்ணீரிலோ குளோரின் தண்ணீரிலோ குளிக்கிறார்கள். தோல் வறளத்தான் செய்யும்.

பீர்க்கங்காய் நார், ஸ்கிரப்பர், நலங்கு மாவு தேய்த்துக் குளிப்பாட்டுவதை முத்து போகும்வரை நிறுத்தி வையுங்கள். தேய்க்கத் தேய்க்கப் பரவும். மைல்டு சோப், வெதுவெதுப்பான தண்ணீர் போதும். துவட்டும்போது ஒற்றி எடுங்கள். வேப்பிலை போட்ட தண்ணீரில் குளிப்பாட்டியே ஆக வேண்டும் என்று பாட்டி சொன்னால் சண்டை போடாதீர்கள். அரைத்துப் பூசுவதை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள், அரைத்த விழுது சில குழந்தைகளுக்கு எரிச்சல் கொடுக்கும்.

துண்டு தனி. அண்ணன், தங்கை எல்லோரையும் ஒரே டப்பில் உட்கார வைத்துக் குளிப்பாட்டும் பழக்கம் கொஞ்ச நாள் வேண்டாம். துணி, பெட்ஷீட் வழக்கம் போல துவைத்து வெயிலில் போட்டால் போதும். வீடு முழுக்க டெட்டால் தெளிக்க அவசியமில்லை.

விளையாடப் போகும்போது முத்து இருக்கும் இடத்தைச் சட்டை மூடும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மூட முடியாத இடத்தில் ஒரு பேண்டேஜ். வீட்டுக்கு வந்ததும் பிரித்துவிடுங்கள். நம் வெயிலில் நாள் முழுக்க பிளாஸ்திரி ஒட்டி வைத்தால் அதுவே புண்ணாகும்.

மாதம் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், அதே இடம், அதே வெளிச்சம். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது. டாக்டரிடம் போகும்போதும் உதவும். அந்தப் போட்டோவை அபார்ட்மென்ட் க்ரூப்பில் போட்டு “இது என்னங்க?” என்று கேட்காதீர்கள், ப்ளீஸ். அது உங்கள் பிள்ளையின் உடம்பு.

சிவந்து வீங்கினால் பயப்படணுமா?

பல மாதம் சும்மா இருந்த முத்து திடீரென்று ஒருநாள் சிவந்து, வீங்கி, மேலே பொருக்குக் கட்டும். ‘ஐயோ, செப்டிக் ஆயிடுச்சு’ என்று ஆன்டிபயாடிக் வாங்க ஓடுவோம். பெரும்பாலும் அது நல்ல செய்தி. அவ்வளவு நாளும் வைரஸ் எதிர்ப்பு சக்தியின் கண்ணில் படாமல் ஒளிந்திருந்தது. இப்போது உடம்பு கண்டுபிடித்துவிட்டது, சண்டை நடக்கிறது. தோல் மருத்துவர்கள் இதற்கு ‘முடிவின் ஆரம்பம்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இப்படிச் சிவந்த முத்துகள் அடுத்த சில வாரங்களில் உதிர்ந்துவிடுவது வழக்கம். கூடவே முழங்கையிலும் முழங்காலிலும் பொடிப் பொடியாக அரிக்கும் தடிப்புகள் வரலாம், அதுவும் இந்தச் சண்டையின் பகுதிதான்.

அப்படியானால் நிஜமான செப்டிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது? சிவப்பு முத்தைத் தாண்டி நாளுக்கு நாள் பரவும், தொட்டால் சுடும், பிள்ளை தொடவிட மாட்டான், சீழ் வடியும், காய்ச்சல் வரும். இதில் எது இருந்தாலும் அன்றைக்கே டாக்டர்.

மற்றபடி எப்போது காட்ட வேண்டும்? முதல் தடவை எப்படியும் ஒருமுறை காட்டிவிடுங்கள், இது மொலஸ்கம்தான் என்று உறுதியாகத் தெரிய வேண்டும். கண் இமையிலோ ஓரத்திலோ முத்து இருந்தால் காத்திருக்க வேண்டாம், கண் சிவந்து உறுத்தும். கண் டாக்டரும் பார்க்க வேண்டும். எக்ஸிமா இருக்கும் குழந்தைக்கு முத்துகள் வேகமாகப் பெருகும், முதலில் எக்ஸிமாவை அடக்க வேண்டும். பிறப்புறுப்புப் பகுதியில் வந்தால் பதற வேண்டாம், குழந்தை தன் கையால் சொறிந்தே அங்கு கொண்டுபோயிருக்கலாம். ஆனால் வெட்கப்பட்டு மறைக்காமல் குழந்தைகள் டாக்டரிடம் காட்டுங்கள். அளவுக்கு மீறிப் பெரிதாக, உடம்பு முழுக்க வந்தாலோ, புற்றுநோய் மருந்து போல எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் சிகிச்சையில் குழந்தை இருந்தாலோ கட்டாயம் காட்ட வேண்டும்.

கைக்குழந்தைக்கு ஸ்ட்ராபெர்ரி போல சிவப்பாக ஒரு கட்டி வந்து வாராவாரம் பெரிதானால் அது மொலஸ்கம் அல்ல. ஹிமாஞ்சியோமா என்ற ரத்தக்குழாய் வளர்ச்சி. பெரும்பாலும் அதுவும் ஆபத்தில்லாததுதான், ஆனால் கண், மூக்கு, உதடு அருகே இருந்தால் காத்திருக்கக் கூடாது. பிரான்ஸின் போர்டோ நகர டாக்டர்கள் இதய நோய்க்கு ப்ரொப்ரனலால் கொடுத்த குழந்தைக்கு இந்தக் கட்டியும் சுருங்குவதைத் தற்செயலாகக் கவனித்து 2008-ல் எழுதினார்கள். இன்று அதுதான் முதல் மருந்து, முதல் சில மாதங்களில் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். அதுவும் டாக்டர் கண்காணிப்பில் மட்டும்.

கேளம்பாக்கம் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்கு செட்டிநாடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருக்கிறது. அரசு மருத்துவமனை என்றால் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் காட்டலாம்.

டாக்டர் என்ன செய்வார்?

பல நேரம் “ஒண்ணும் பண்ண வேண்டாம், காத்திருங்க” என்பார். இதற்காக டாக்டரை மாற்ற வேண்டாம், அது ஒரு சிகிச்சைதான். பிள்ளைக்குத் தொந்தரவு அதிகம், முகத்தில் இருக்கிறது, ஸ்கூலில் கேலி செய்கிறார்கள் என்றால் எடுக்கலாம். மரத்துப்போகும் க்ரீம் தடவி, சின்னக் கரண்டி போன்ற கருவியால் சுரண்டி எடுப்பது, திரவ நைட்ரஜனால் உறையவைப்பது, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை முத்தின் மேல் மட்டும் தொட்டு வைப்பது என்று சில வழிகள் உண்டு. கடைசியாகச் சொன்னதும் காரம்தானே, சுண்ணாம்பைத் திட்டினாயே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அளவு தெரிந்த நீர்த்த கரைசல், டூத்பிக் நுனி அளவு, சிவந்ததும் நிறுத்த வேண்டும் என்ற கட்டளை; கடைச் சுண்ணாம்பில் இந்த மூன்றும் கிடையாது.

அமெரிக்காவில் 2023 வரை மொலஸ்கத்துக்கு என்றே அங்கீகரித்த மருந்து ஒன்றுகூட இல்லை. அந்த ஆண்டு ஜூலையில் கேந்தரிடின் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது, கொப்புளம் உண்டாக்கும் ஒரு வகை வண்டிலிருந்து கண்டெடுத்த பொருள் அது, டாக்டர்தான் வைக்க வேண்டும். 2024 ஜனவரியில் வீட்டிலேயே தடவக்கூடிய பெர்டாசிமர் என்ற ஜெல்லுக்கு அனுமதி கொடுத்தார்கள். முதன்முதலில் 1817-ல் பெயர் வைத்த ஒரு வியாதிக்கு மருந்து வர இருநூறு வருடம். இவ்வளவு தாமதத்துக்கு ஒரு காரணம், அது தானாகப் போய்விடுகிறது என்பதுதான்.

மரு பற்றிச் சொல்கிறேன் என்றேன் இல்லையா? விரலிலும் பாதத்திலும் சொரசொரப்பாக வரும் மருவும் குழந்தைகளுக்கு இரண்டு வருடத்துக்குள் மூன்றில் இரண்டு பங்கு தானாக மறையும். அதற்கு மட்டும் வீட்டு வைத்தியம் ஒன்று நிஜமாகவே உண்டு, சாலிசிலிக் ஆசிட். டாக்டர் எழுதிக்கொடுத்த பிறகு, வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, மேல் தோலை லேசாக அரத்தால் தேய்த்து, சுற்றிலும் வாசலைன் தடவிவிட்டு மரு மேல் மட்டும் வைக்க வேண்டும். மூன்று மாதம் பொறுமை வேண்டும். முகத்தில், மறைவிடத்தில், மொலஸ்கம் முத்தில் நீங்களாகவே வைக்கக் கூடாது.

ஸ்விம்மிங் பூல் பஞ்சாயத்து

அக்கா வீட்டில் முத்தை விடப் பெரிய வலி இதுதான். யாரோ பார்த்து, க்ரூப்பில் பெயர் போடாமல் மெசேஜ் போட்டார்கள்: ‘ஸ்கின் டிசீஸ் இருக்கும் குழந்தைகளை பூலுக்கு அனுப்பாதீர்கள்.’ எல்லோருக்கும் யார் என்று தெரியும். அன்று சாயங்காலம் பையன் பார்க்குக்குப் போனபோது ஊஞ்சலில் இருந்த ஒரு பிள்ளையை அதன் அம்மா இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார். “சித்தி, நான் பேட் பாயா?” என்று ராத்திரி வீடியோ காலில் என்னிடம் கேட்டான். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உனக்கு ஒரு குட்டி வைரஸ் விருந்தாளி வந்திருக்கு, அது சாப்பிட்டு முடிச்சதும் போயிடும் என்று ஏதோ சமாளித்தேன்.

உண்மை என்ன? மொலஸ்கம் இருக்கும் குழந்தையை ஸ்கூலை விட்டு நிறுத்த வேண்டியதில்லை. பார்க்குக்கும் போகலாம். பூலுக்கும் போகலாம், தண்ணீர் புகாத பேண்டேஜால் முத்துகளை மூடினால். துண்டு, மிதவை, கண்ணாடி எல்லாம் தனியாக இருக்க வேண்டும். குளத்துத் தண்ணீரை விட ஈரத் துண்டும் கைமாறும் மிதவையும்தான் கவனிக்க வேண்டியவை. வைரஸ் உள்ளே போய் முத்து தெரிய சாதாரணமாக இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும், சில நேரம் ஆறு மாதம்கூட. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று அபார்ட்மென்டில் விசாரணை நடத்தினால் தப்பான ஆளைத்தான் பிடிப்பார்கள்.

அக்கா கடைசியில் க்ரூப்பில் போட்ட மெசேஜை அவள் அனுமதியோடு தருகிறேன், தேவைப்படுபவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்:

“வணக்கம். என் பையனுக்கு இருப்பது மொலஸ்கம் என்ற சாதாரண வைரஸ் முத்து. டாக்டரிடம் காட்டிவிட்டோம். காற்றில் பரவாது, நேரடியாகத் தோல் உரசினாலோ ஒரே துண்டைப் பயன்படுத்தினாலோ பரவலாம். அவன் முத்துகளை மூடிக்கொண்டுதான் பூலுக்கு வருவான், அவன் துண்டும் மிதவையும் தனி. உங்கள் பிள்ளைக்கும் இதுபோல இருந்தால் தயவுசெய்து சுண்ணாம்பு வைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் எனக்குப் போன் பண்ணுங்கள்.”

அன்று ராத்திரிக்குள் மூன்று போன் வந்தது. மூன்று பேருமே தங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இருக்கிறது, சொல்ல பயந்துகொண்டு இருந்தோம் என்றார்கள்.